மேலேயிருந்து தெரிந்த விளக்கு நிறம்

பட்டுக்கு நிறம் பார்ப்பது என் வேலை. சாயம் போட்டுக் காயவைத்து முறுக்கிக் கொண்டுவருகிற நூலைக் கழி என்போம். எங்கள் முதலாளி வீட்டில் எந்தக் கழி வந்தாலும் முதலில் என் கைக்கு வரும். நான் சரி என்றால் தறிக்குப் போகும். சரியில்லை என்றால் சாயப்பட்டறைக்கே திரும்பிப் போகும். ஆரணியில் இருக்கிற தறிக்கும், முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு முதலாளி கொடுத்திருக்கிற தறிக்கும் என் வாய்ச் சொல்தான். அதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். முப்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்து நெய்தேன். முழங்கால் மடங்காமல் போன பிறகும் அந்த வீட்டில் என்னை விடவில்லை. "ஆயா, நீங்க சும்மா வந்து உக்காந்து கலர் மட்டும் பார்த்துக் குடுங்க" என்றார் இப்போதைய முதலாளி. அவர் தவழுகிற வயதில் என் தறி நூலைப் பிடித்து இழுத்து என்னிடம் அடி வாங்கினவர்.

நான் படித்தது ரெண்டாங்கிளாஸ். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், மெதுவாக எழுதுவேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். "நீங்க சொல்லுங்க அத்தை, நான் போன்ல அடிச்சுத் தர்றேன்" என்றாள் மருமகள். வேண்டாம் என்றுவிட்டேன். பேசினால் நாக்கு ஓடிவிடும். கை மெதுவாகப் போகும்போது பொய் எழுத வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கு வைத்த பிறகு நிறம் பார்க்கக் கூடாது. காலையில் வாசற்படியில் வெயில் விழும். அந்த வெயிலில் கழியைப் புறங்கையில் விரித்துப் போட்டு, மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சம் தன் நிறத்தையும் நூலில் பூசிவிடும். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை. ரெண்டு தடவை ஏமாந்து திட்டு வாங்கினேன், தெரிந்துபோயிற்று.

போன தை மாசத்துக் கல்யாணத்துக்குப் போளூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து புடவை சொல்லிவிட்டுப் போனார்கள். கத்திரிப்பூ நிறம். உடம்பு, முந்தானை எல்லாம் அதே நிறம், ஜரிகைக் கரை. புடவை பாதிக்கு மேல் ஓடியபோது குறுக்கே போடுகிற ஊடை நூல் பற்றாமல் போயிற்று. மறுபடி சாயம் போடச் சொல்லி ஆள் போயிற்று. சாயக்காரர் எங்களுக்குப் பழகினவர், ஐம்பது வயதிருக்கும், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவார். அவர் கழியைக் கொண்டுவந்தபோது நான் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு வெளியே வந்து நிற்கிறேன்.

"காலையில பார்க்கறேன், வெச்சிட்டுப் போ" என்றேன்.

"பெரியம்மா, தறி நிக்குதாம். ஜல்தி ஜல்தின்னு முதலாளி நாலு போன் போட்டுட்டாரு. ஒரு பார்வை பார்த்துடுங்களேன்."

எங்கள் தெருவுக்குப் புதிதாக வெள்ளை விளக்கு போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் மஞ்சள் விளக்கு, அதன் கீழே எல்லா முகமும் காமாலை வந்த முகம் மாதிரி இருக்கும். இது பகல் மாதிரி இருக்கிறது என்று ஊரே சொன்னது. சரி, பகல் மாதிரி விளக்குத்தானே என்று கம்பத்தடியில் போய் நின்று பார்த்தேன். பழைய நூலும் புது நூலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. "சரி, கொண்டு போ. ஆனாலும் ஒரு பிசிறு நூல் வெச்சிட்டுப் போ, காலையில வெயில்ல ஒரு தடவை பார்த்துடறேன்" என்றேன்.

காலையில் பார்த்தேன். நல்ல வெயில். வாசற்படியில் நின்று, புறங்கையில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுபோலத்தான் இருந்தது.

இதை இங்கே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இதைத்தான் நான் அப்புறம் இல்லை என்றேன்.

தறியிலிருந்து புடவை அறுத்து வந்தது. போளூர்க்காரம்மா, அதாவது பெண்ணைப் பெற்றவள், அவள் தம்பியோடு வந்திருந்தாள். நெசவுக்காரர் ஒருவரும் முள்ளிப்பட்டுக்காரர் ஒருவரும் நின்றிருந்தார்கள். முதலாளி பாய் போட்டுப் புடவையை விரித்தார். விரித்த கையோடு அவர் முகம் மாறியது. முதலாளி வீட்டம்மா "ஐயையோ" என்றாள்.

"ஆயா, இங்க பாருங்க. இந்த எடத்துலேர்ந்து வேற கலரு. பட்டையா தெரியுது பாருங்க."

நான் குனிந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புடவை முழுக்க ஒரே நிறம். சுற்றி நிற்கிற எல்லாரும் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள், நானும் அங்கே விரல் வைத்துத் தடவினேன். "ஆமா" என்றேன்.

"ஆயா, நீங்க பார்த்துதானே குடுத்தீங்க?"

 நாற்பது வருஷத்தில் அந்த வீட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சாயக்காரரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், அவரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு என்ன வந்ததோ, திரும்பி அவரைப் பார்த்துச் சொன்னேன்: "விளக்கு வெச்ச நேரத்துக்குக் கொண்டாந்தது அவன்தானே? பகல்ல கொண்டாந்தா நான் கண்டுபிடிச்சுடுவேன்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தான். அந்த வெள்ளை லைட்டுல எது எப்படித் தெரியும்? இது திருட்டுத்தனம்."

"பெரியம்மா! காலையில பார்க்கறேன்னு பிசிறு வாங்கி வெச்சீங்களே. பார்த்தீங்களா இல்லையா?"

"பார்க்கல."

ஒரே வார்த்தை. அதைச் சொல்லி முடிக்கக் கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் புடவையைப் பார்த்தேன். போளூர்க்காரம்மா "எங்க வூட்டுக் கல்யாணந்தான் கெடைச்சுதா உங்களுக்கு" என்று சத்தம் போட்டாள். அன்றைக்கே முதலாளி அவருக்குக் கொடுக்கிற சாய வேலையை நிறுத்திவிட்டார். என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு.

அதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் வாசலுக்குப் போகத் தோன்றும். வாசலுக்குப் போனால் உள்ளே வரத் தோன்றும். பழைய நூலும் புது நூலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். வெயில் வந்ததும் அதைத் திறப்பேன், கையில் போட்டுப் பார்ப்பேன், ஒன்றாகத்தான் இருக்கும், மூடிவிடுவேன். அரை மணி கழித்து மறுபடி திறப்பேன். ஒருவேளை போளூர்க்காரி விலை குறைக்கப் பேசியிருப்பாள், முதலாளியும் ஆமாம் போட்டிருப்பார் என்று நினைப்பேன். அப்புறம், ஆறு பேர் ஒரே மாதிரி எப்படிப் பொய் சொல்வார்கள் என்று நினைப்பேன். 

கடைசியில் எல்லாப் பழியையும் கம்பத்து விளக்கின் மேல் போட்டேன். விளக்கு பழுது பார்க்க ஏணியோடு வருகிறவரை மடக்கினேன்.

"இந்த வெள்ளை விளக்கைக் கழட்டிட்டு மஞ்சளே போடு."

"ஏன் ஆயா?"

"இது நிறத்தைக் கெடுக்குது."

"ஊரே வெளிச்சமாயிடுச்சுன்னு எல்லாரும் கை எடுத்துக் கும்புடறாங்க. உங்க ஒருத்தராலதான் எனக்குப் பேஜாரு" என்று சிரித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாசம் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கக் கம்பத்துக்குப் போய்விட்டார்.

என் மருமகள் போனில் புடவை விற்கிறாள். புடவையை மேலே போட்டுக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் நின்று, போனைத் தென்னை மரத்தில் சாத்தி வைத்துப் பேசுவாள். "கலர் நேர்ல இப்படியேதான் இருக்குங்க, லைட்டிங்ல கொஞ்சம் மாறும்" என்று தினமும் ஐம்பது பேருக்குச் சொல்லுவாள். எனக்கும் அவளுக்கும் ஆகும், ஆகாது. ரெண்டும் உண்டு. என் மகன் லாரி ஷெட்டில் வேலை, காலையில் போனால் சாயங்காலம்தான். பகல் முழுக்க நானும் அவளும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் போனைத் தண்ணிச் சொம்பில் சாத்தி வைத்து எதையோ பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"சோத்தைப் பார்த்துத் தின்னு."

"அத்தை, இது நம்ம பூமி. மேலே ஒரு ஸ்பேஸ் ஸ்டேஷன் சுத்திகினு இருக்குதுல்ல, அதுல இருக்கறவங்க ஜன்னல் வழியா எடுத்தது. ராத்திரியில."

நானும் பார்த்தேன். பார்த்ததும் ஜரிகை என்று சொல்வேன் என்று அவள் எதிர்பார்த்திருப்பாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமைத்து முடித்து அடுப்பில் தண்ணி தெளித்த பிறகு சாம்பலுக்குள் அங்கங்கே கங்கு கிடக்கும், அப்படித்தான் இருந்தது. எங்கேயோ யாரோ வாய் வைத்து ஊதினதுபோல் ஒரு இடம் கனிந்து கிடக்கும், அதிலிருந்து நாலா பக்கமும் பொறி சிதறியிருக்கும். பெரிய கங்கெல்லாம் பட்டணமாம், பொறியெல்லாம் நம் மாதிரி ஊராம். கடல் வருகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. சட்டென்று அறுத்துவிட்ட மாதிரி இருட்டு. அந்த இருட்டிலும் தள்ளித் தள்ளி நாலு புள்ளி. "மீன் புடிக்கிற போட்டு" என்றாள். மேகம் கிடந்த இடத்தில் மின்னல் அடித்தது. சத்தமே இல்லை. இங்கே ஒன்று வெட்டினால், எவ்வளவோ மைல் தள்ளி இன்னொன்று வெட்டியது. நாம் காது பொத்திக்கொண்டு சாமி பேர் சொல்கிற இடி, அங்கிருந்து பார்த்தால் கண் சிமிட்டுகிற மாதிரிதான் இருக்கிறது.

பூமி நிற்கவே இல்லை. ஒரு ஊரைக் காட்டி இது என்ன என்று கேட்பதற்குள் அது ஜன்னலுக்குப் பின்னால் போய்விட்டது.  "நிறுத்து, நிறுத்து" என்றேன்.

"அது நிக்காது அத்தை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுத்தி வந்துடும். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை பொழுது விடியும், பதினாறு தடவை பொழுது போவும்."

பதினாறு தடவை பொழுது போனால் அங்கே இருக்கிறவர்கள் எதை எப்போது பார்த்து என்ன நிறம் என்று சொல்வார்கள் என்று நான் யோசித்தேன். எனக்கு வருகிற யோசனை இப்படித்தான்.

"ஆரணி எங்க?"

அவள் போனை நிறுத்தி, ரெண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். "இது மெட்ராஸ். இது பெங்களூரு. நடுவுல இது வேலூரா இருக்கும். அப்போ இங்க மினுக்குனு ஒண்ணு இருக்குது பாருங்க, அதான் நம்ம ஊருன்னு வெச்சிக்கலாம். எனக்கும் நிச்சயமாத் தெரியாது."

"தெரியாததை ஏன் காட்டற?"

"கேட்டீங்களே!"

பூமியின் ஓரத்தில் மெல்லிசாய் ஒரு கோடு ஓடியது. அது காற்று ஒளிருகிறதாம். "பச்சையா எவ்ளோ அழகா இருக்குது பாருங்க" என்றாள். எனக்கு அது மஞ்சளாகத்தான் தெரிந்தது. போனில் அப்படித்தான் காட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேச்சு விளக்குக்கு வந்தது. என்னுடைய பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த மாசங்களில் அங்கேதான் வந்து நிற்கும். "விளக்கு மாறினா நிறம் மாறும். நான் சொன்னா அந்த ஏணிக்காரர் நம்பமாட்டேன்றார். எல்லாம் அந்த வெள்ளை விளக்கு பண்ண வேலை" என்றேன்.

"அதுல உங்க பேச்சு சரிதான் அத்தை. விளக்கை மாத்தினா மேலேர்ந்தே தெரியுது. இருங்க, ஒரு போட்டோ பார்த்தேன்" என்று தேடி எடுத்தாள். வெளிநாட்டில் ஏதோ ஒரு பட்டணம், ராத்திரியில் மேலேயிருந்து எடுத்தது. "ஊர் ஒண்ணுதான். பாதி ஊருல பழைய மஞ்சள் விளக்கு, பாதி ஊருல வேற விளக்கு, வெள்ளை. நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியுது பாருங்க."

பார்த்தேன். ஊர் முழுக்க மஞ்சள்தான். மஞ்சள் தண்ணியைக் கொட்டின மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.

"ஆமா" என்றேன்.

அதே ஆமா. புடவையில் விரல் வைத்துக்கொண்டு சொன்ன அதே ஆமா. 

மருமகளுக்குக் கண் கூர்மை. என் முகத்தைப் பார்த்தாள். "எந்தப் பக்கம் அத்தை வெள்ளை?"

"இந்தப் பக்கம்" என்று இடது பக்கம் காட்டினேன்.

அவள் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். "இப்போ?"

நான் மறுபடி இடது பக்கம்தான் காட்டினேன்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கை கழுவாமலே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, நம்ம வீட்டு செவுரு என்ன கலரு?"

"என்ன கேள்வி இது? சந்தனக் கலரு."

"வெள்ளை அத்தை. போன பொங்கலுக்கு வெள்ளை அடிச்சோம்."

அடித்த அன்றைக்கு, வெள்ளை கேட்டால் சந்தனத்தை அடித்திருக்கிறான் என்று பெயிண்டரோடு நான் சண்டை போட்டேன். அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வயசானவங்க, விடுங்க" என்று என் மகனிடம் சொன்னார். அவர் திமிர் பிடித்தவர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"கண்ணுல புரை வந்திருக்கும் அத்தை. எங்கம்மாவுக்கும் எல்லாம் மஞ்சளாத்தான் தெரிஞ்சுது."

"என் கண்ணைப் பத்திப் பேசாத! நேத்து வந்த அரக்குல இருந்த வித்தியாசத்தை எவ கண்டுபிடிச்சா?"

"புரை வந்தாலும் அரக்கு தெரியும்னு எங்கம்மாவைப் பார்த்த டாக்டர் சொன்னாரு. மஞ்சள் தெரியும். நீலம், கத்திரிப்பூ, வெள்ளைதான் தெரியாதாம்."

எழுந்து போய் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தேன். ரெண்டு நூலையும் அவள் கையில் போட்டேன். வாசலில் வெயில் இருந்தது. அவள் புறங்கையில் எப்படிப் போட வேண்டும் என்றுகூடத் தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஒண்ணா, வேறயா?"

"வேற அத்தை. இதுல செவப்பு ஓடுது. இதுல நீலம் ஓடுது."

"எப்படித் தெரியுது உனக்கு?"

"எப்படின்னா? பார்த்தா தெரியுது."

அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எந்தத் தெருவில் என்ன நிற விளக்கு எரிகிறது என்று தெரிகிறது. அந்த விளக்கின் கீழே கழியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியவில்லை. விளக்கு கெடுத்தது என்று நான் சொன்னதெல்லாம் பொய்யில்லை, விளக்கும் கெடுக்கும். ஆனால் அன்றைக்குக் கெடுத்தது அது இல்லை.

இதை எழுதுகிற இன்றைக்கு இடது கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. வலது கண் அடுத்த மாசம். கட்டு அவிழ்த்த அன்று நர்ஸம்மா உடுப்பு கண்ணைக் குத்துகிற வெள்ளையாக இருந்தது. இப்போது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் சுவர் வெள்ளை, இடது கண்ணைப் பொத்தினால் சந்தனம். ஒரே தலையில் ரெண்டு விளக்கு எரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் அதெல்லாம் அப்புறம் நடந்தது. அதற்கு முன்னாலேயே நான் வாயைத் திறக்க வேண்டி வந்தது.

அன்று சாயங்காலம் மருமகள் ஒரு வழி சொன்னாள். "யாருகிட்டயும் சொல்ல வேணாம் அத்தை. முட்டி வலின்னு பத்து நாள் லீவு போடுங்க. கண்ணைப் பார்த்துக்கினு வந்து முன்னே மாதிரி உக்காந்துக்குங்க. யாருக்கு என்ன தெரியப் போவுது? சொன்னா உங்க வேலை போயிடும்."

அவள் எனக்கு நல்லதுதான் நினைத்தாள். நானும் சரி என்றேன். வேலை போனால் நான் யார்? காலையில் குளித்து, தலை வாரி, புடவையைச் சரியாகக் கட்டிக்கொண்டு போக ஒரு இடம் இருக்கிறது. அங்கே எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது போய்விட்டால் நான் இந்த வீட்டில் வெயில் நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவி. ரெண்டு நாள் நடந்தேன், தெருவுக்கும் வீட்டுக்குமாக. மருமகளிடம் அந்தப் படத்தை மறுபடி போடச் சொன்னேன். போட்டாள். பாதியில் போதும் என்றேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போடச் சொன்னேன். "உங்களுக்கு என்னதான் வேணும் அத்தை?" என்றாள். எனக்கே தெரியவில்லை. கங்கும் பொறியும் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தப் பொறியில் ஒன்றின் கீழே ஒரு மனுஷன் சாய அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருப்பார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை லீவு சொல்லத்தான் முதலாளி வீட்டுக்குப் போனேன். போய் நின்றதும், வேறு ஊர் பட்டறையிலிருந்து வந்த கழியை முதலாளி என் கையில் கொடுத்துவிட்டார். நீலம். முதலாளி வீட்டம்மா காப்பி டம்ளரோடு நிற்கிறாள். புடவை விரித்த அன்றைக்கும் இருந்த நெசவுக்காரர் நூலை வாங்கிக்கொண்டு போகப் பையோடு நிற்கிறார்.

"சரியா ஆயா?"

வாசற்படி வெயிலில் நின்றேன். புறங்கையில் விரித்தேன். மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்தேன். சரி என்று சொல்லிவிடலாம். பத்துக்கு எட்டுத் தடவை சரியாகத்தான் இருக்கும். அந்த ரெண்டு தடவைக்கு யாராவது ஒருத்தரைத் திருடன் என்று சொல்லிவிட்டால் போயிற்று. நான் இப்படித்தான் கணக்குப் போட்டேன் என்று எழுத எனக்கு வெட்கம்தான், ஆனால் போட்டேன்.

"தெரியல" என்றேன்.

"என்ன ஆயா?"

"தெரியலங்கறேன். எனக்கு நீலம் தெரியல. அந்தக் கத்திரிப்பூவும் தெரியல. காலையில வெயில்ல பார்த்தேன். ஒண்ணாத்தான் இருந்துது. பார்க்கலன்னு நான் சொன்னது பொய்யி. புடவையில பட்டை விழுந்துதுன்னு நீங்க காட்டினீங்களே, அதுவும் எனக்குத் தெரியல. சும்மா ஆமான்னேன்."

காப்பி டம்ளர் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. 

"அன்னிக்கே கண்ணு சரியில்லன்னு சொல்லியிருந்தா யாரு ஆயா உங்களைக் கேக்கப் போறா?"

"கேக்கமாட்டீங்க. வேற ஆளை வெச்சிருப்பீங்க."

அவர் கழியை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். "இப்ப நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கினு அந்த மனுஷன்கிட்ட போய் வேலை குடுப்பேன்?"

"நீங்க போக வேணாம். மொதல்ல நான் போறேன். அப்புறம் நீங்க ஆள் அனுப்புங்க."

சாயப்பட்டறைக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். தொட்டியெல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கோயில் கொடித் துணிக்குச் சிவப்புச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். காலையில் பார்த்ததையும், பார்க்கவில்லை என்றதையும், கண்ணையும்.

அவர் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். "ரெண்டாந் தடவை போட்டா சாயம் கொஞ்சம் தள்ளித்தான் போவும் பெரியம்மா. எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே நீங்க இருக்கறீங்க. இது சரியில்லன்னு தூக்கிப் போட்டிருந்தா மறுபடி போட்டிருப்பேன். இதுக்கு முன்ன நீங்க தூக்கிப் போட்டதில்லையா, நான் போட்டதில்லையா?"

"போட்டிருக்க."

"திருட்டுத்தனம்னீங்களே. அதான்."

நான் தலையை நிமிர்த்தித்தான் நின்றேன். குனியத் தெரியாத தலை. ஆனால் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எனக்கு ஆறிடுச்சு" என்றார். "என் வீட்டுக்காரிக்குத்தான் ஆறல. இந்தப் பக்கம் வேலை நின்னுபோச்சா, களம்பூர்ல அரிசி மில்லுக்குப் போய்க்கினு இருக்குறா. நாலு மணி பஸ்ஸுல வருவா. சொல்றதை அவகிட்ட சொல்லுங்க."

பட்டறை வாசலில் நின்றேன். வெயில் சுட்டது. உள்ளே வந்து நிழலில் நில்லுங்கள் என்று ஒரு தடவை சொன்னார், மாட்டேன் என்றேன். முட்டி கடுத்தது. இந்தக் காலை மாற்றி அந்தக் காலில் நின்றேன். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

அவள் வந்தாள். தலை முடி, புருவம், கழுத்து மடிப்பு எல்லாம் தவிடு. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் மாட்டியிருந்தாள். "யாரு, பெரியம்மாவா?" என்றாள், குரலில் ஒன்றும் இல்லாமல்.

அவளிடமும் முழுக்கச் சொன்னேன். அவள் முந்தானையை அவிழ்த்துத் தவிட்டை உதறிக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் உதறிக்கொண்டிருந்தாள்.

"இவரைத் திருடன்னு சொன்னீங்களே, அன்னிக்கு அங்க எத்தினி பேரு இருந்தாங்க?"

நினைத்துப் பார்த்தேன். "உன் வீட்டுக்காரரை வுட்டு ஆறு பேரு."

"இன்னிக்கு அது பொய்யின்னு நீங்க சொன்னப்போ?"

"மூணு பேரு. முதலாளி, அந்தம்மா, ஒரு நெசவுக்காரர்."

"மீதி மூணு பேரு?"

"முள்ளிப்பட்டுக்காரர் ஒருத்தர். போளூர்க்காரம்மா. அவங்க தம்பி."

"அவங்க மூணு பேருகிட்டயும் போய் இதே மாதிரி நின்னுகினு சொல்லிட்டு வாங்க பெரியம்மா. அப்புறம் உள்ள வந்து உக்காந்து தண்ணி குடிக்கலாம்."

சாயக்காரர் உள்ளேயிருந்து, "ஏ, என்ன பேச்சு இது, வயசானவங்க" என்றார்.

"வயசானவங்கன்னா? சொல்றப்போ வயசு தெரியலியா?"

அவள் சொன்னதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்லியிருப்பேன். முள்ளிப்பட்டு பக்கத்தில்தான், ஆட்டோவிலேயே போய்விடலாம், அந்த மனுஷன் இந்நேரம் தறியில்தான் இருப்பார். போளூர்தான் எனக்குப் பழக்கமில்லாத வீடு. அந்தம்மா வாய் நீளம், கல்யாணத்துப் புடவைக்காரி, வாசலிலேயே வைத்துக் கேட்பாள்.

"போளூருக்குக் கடைசி பஸ் எத்தினி மணிக்கு?" என்று அவளையே கேட்டேன்.

"இன்னிக்கேவா?" என்றாள்.

"இன்னிக்கேதான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தூக்கைத் தரையில் வைத்தாள். "ஏழரை வரைக்கும் இருக்குது. மொதல்ல முள்ளிப்பட்டு முடிச்சிட்டு ஸ்டாண்டுக்குப் போங்க. போர்டு பார்த்து ஏறுங்க" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆட்டோ வருகிற பக்கம் நடந்தேன்.